பயப்படுறது தப்பில்லை, தப்பான இடத்துல பயப்படுறதுதான் தப்பு! யூபிஐ முதல் எஃப் அண்ட் ஓ வரை



ஜூலை மாதம் வந்தால் எங்க ஆபீஸில் உட்கார இடம் இருக்காது. ஐடிஆர் சீசன். அப்படி ஒரு சீசனில், ஒரே நாளில், சம்பளம் கிட்டத்தட்ட ஒரே அளவு வாங்குகிற இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் ஐடி கம்பெனி. பெயரெல்லாம் வேண்டாம்.

முதல் ஆள், வயசு 29. அவருடைய ஏஐஎஸ்-ஐத் திறந்து பார்த்தேன். சம்பளத்தைத் தவிர இருந்தது ஒரே ஒரு வரி: சேவிங்ஸ் அக்கவுன்ட் வட்டி, 10 ஆயிரம் சொச்சம். எஃப்டி இல்லை, ஃபண்ட் இல்லை. "எவ்வளவு பணம் சும்மா கிடக்குது?" என்றேன். "ஒரு நாலு லட்சம் இருக்கும் சார்." போனில் யூபிஐ ஆப்பே கிடையாது. மாசம் ஒரு தடவை ஏடிஎம் போய் பணம் எடுத்து வைத்துக்கொள்கிறார். டீக்கடையில் சில்லறை இல்லை என்றால், கூட வந்த நண்பர் ஸ்கேன் பண்ணணும். ஏன் என்று கேட்டால், "ஹேக் பண்ணிடுவாங்க சார்."

இரண்டாவது ஆள், வயசு 26. போனில் இல்லாத ஆப்பே இல்லை. "ஐடிஆர்-1 போட்டுடலாமா சார்?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். பார்த்தால், ஆப்ஷன்ஸ் டிரேடிங்கில் 1.9 லட்சம் நஷ்டம். அந்த நஷ்டத்தைச் சமாளிக்க இரண்டு லோன் ஆப்பில் கடன். "ரிஸ்க் பத்தி யோசிக்கலையா?" என்றேன். "ஆப் நல்ல ரேட்டிங் சார், எங்க டீம்ல எல்லாரும் யூஸ் பண்றாங்க."

ஒருத்தர் பயத்தால் பணத்தை வளரவிடவில்லை. இன்னொருத்தர் பயமே இல்லாமல் பணத்தை விட்டுவிட்டார். ஆனால் உற்றுப் பார்த்தால் ரெண்டு பேர் செய்த தப்பும் ஒண்ணுதான். நிஜமான ரிஸ்க் எங்கே இருக்கோ, அங்கே ரெண்டு பேருமே பார்க்கவில்லை. இந்தப் பதிவு அதைப் பத்திதான்.

நிஜ ரிஸ்க் வேற, மனசுல தெரியுற ரிஸ்க் வேற

ரேமண்ட் பாவர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1960-லேயே ஒரு விஷயத்தைச் சொன்னார்: ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று மக்கள் முடிவெடுப்பது, அதில் உள்ள நிஜமான ரிஸ்க்கை வைத்து அல்ல, அவர்கள் மனசுக்குத் தெரிகிற ரிஸ்க்கை வைத்து. அதன் பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பயத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். பணம் போயிடுமோ, சரியா வேலை செய்யாதோ, நேரம் வீணாகுமோ, நம்ம விவரம் வெளியே போயிடுமோ, நாலு பேர் நம்மை ஏமாளினு சொல்லுவாங்களோ... இப்படி.

நம் வீட்டிலேயே பாருங்கள். அப்பா "இந்த ஆப் எல்லாம் வேணாம்டா, பேங்க்ல போய் பாஸ்புக் என்ட்ரி போட்டாத்தான் நிம்மதி" என்பார். அவருக்கு இருப்பது முதல் பயம். அம்மாவுக்கு "தப்பா அமுக்கிட்டா என்ன பண்றது?" என்ற பயம். நமக்கோ பயமே இல்லை, ஏனென்றால் ஆப் அழகாக இருக்கிறது!

கண்ணுக்குத் தெரியாதது, நம் கன்ட்ரோலில் இல்லாதது என்றால் மனசு அதைப் பெரிதாகக் காட்டும். நம் கையால் நாமே செய்வதை சின்னதாகக் காட்டும். ஹெல்மெட் போடாமல் ஜிஎஸ்டி ரோட்டில் பைக் ஓட்டுபவர், விமானம் லேசாக ஆடினால் சாமியைக் கூப்பிடுவது இதனால்தான். பணத்திலும் இதே கதை. முகம் தெரியாத ஹேக்கர் பயமுறுத்துகிறான். நம் விரலால் நாமே போடும் பின் நம்பர் பயமுறுத்துவதில்லை.

ஆனால் சட்டம் இதை நேர் எதிராகப் பார்க்கிறது. அதுதான் இந்தப் பதிவில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம்.

நாம ரொம்ப பயப்படுற இடங்கள்

பயம் 1: "அக்கவுன்ட்டை ஹேக் பண்ணிடுவாங்க"

யூபிஐ 2016-ல் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. அதில் பணம் போக இரண்டு பூட்டு திறக்கணும்: உங்கள் சிம் உள்ள, பதிவான போன் ஒண்ணு, உங்கள் பின் இன்னொண்ணு.

சரி, அதையும் மீறி உங்களுக்குத் தெரியாமல் பணம் போனால்? ஆர்பிஐ 2017 ஜூலை 6-ம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இது:

- வங்கியின் தவறால் பணம் போயிருந்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நீங்கள் புகார் கொடுத்தீர்களா இல்லையா என்பதே கேள்வி இல்லை.
- தப்பு வங்கி மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம்.
- 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் ரூ.10,000.
- 7 நாளுக்கு மேல் போனால், அந்தந்த வங்கியின் பாலிசிப்படி.

புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையை தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்கணும். தப்பு உங்கள் மேல்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. இது பலருக்குத் தெரியாது. (இதுபோன்ற விதிகளை ஆர்பிஐ அவ்வப்போது திருத்தும். உங்கள் வங்கியின் இணையதளத்தில் 'கஸ்டமர் புரொடெக்‌ஷன் பாலிசி' என்று இருக்கும். ஒரு முறை படித்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.)

பயம் 2: "பணம் நடுவுல மாட்டிக்கும்"

கட் ஆயிடுச்சு, ஆனா அந்தப் பக்கம் போகல. எல்லோரும் பட்ட அனுபவம். இதற்கும் ஆர்பிஐ 2019 செப்டம்பரில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் ஏறவில்லை என்றால், மறுநாளுக்குள் தானாகத் திரும்பணும். கடைக்குக் கட்டிய பணம் என்றால் 5 நாள் அவகாசம். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. கடையில் நின்று டென்ஷன் ஆகத் தேவையில்லை. ஆனால் ஒன்று, கையில் வேறு வழியும் இருக்கணும். சட்டைப் பையில் ஒரு 500 ரூபாய் எப்பவும் இருக்கட்டும்.

பயம் 3: "ஆப் கம்பெனியை மூடிட்டா?"

நியாயமான கேள்விதான். பதில், பணம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. யூபிஐ ஆப்பில் நீங்கள் பார்க்கும் பேலன்ஸ் அந்த ஆப்பிடம் இல்லை, உங்கள் வங்கியில் இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு ரூ.5 லட்சம் வரை டிஐசிஜிசி இன்ஷூரன்ஸ் உண்டு. மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் விவரம் நம்ம சென்னை கேம்ஸ் அல்லது ஹைதராபாத் கேஃபின்டெக் பதிவேட்டில் இருக்கும். பங்குகள் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் டெபாசிட்டரியில். ஆப் என்பது ஒரு ஜன்னல். ஜன்னலை மூடினால் வீட்டுக்குள் இருப்பது காணாமல் போகாது.

எல்லாம் சுத்தமாகப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். 2019-ல் கார்வி என்ற புரோக்கர், வாடிக்கையாளர் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தியது வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் செபி பங்கு அடமான முறையையே மாற்றியது. 2024 ஜனவரி கடைசியில், பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் புதிதாக டெபாசிட் வாங்குவதை நிறுத்த ஆர்பிஐ உத்தரவிட்டது. உள்ளே இருந்த பணத்தை எடுக்க முடிந்தது. ஆனால் அந்தக் கணக்கில் சம்பளம் வாங்கியவர்கள் வேறு வங்கிக்கு ஓட வேண்டியிருந்தது. பாடம் எளிது: எல்லாத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், டெபாசிட்டரியிலிருந்து மெயிலில் வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்கள்.

இப்போ முக்கியமான கேள்வி: பின் போட்டது யாருடைய விரல்?

மேலே சொன்ன பாதுகாப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. ஓடிபி, பின் போன்றவற்றை நீங்களே இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் முழுவதும் உங்கள் தலையில்தான். இதுவும் அதே 2017 சுற்றறிக்கையில் இருக்கிறது. நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் என்றால், சிஸ்டத்தைப் பொறுத்தவரை அது முறையான பேமென்ட். உங்கள் விருப்பத்தோடு லோன் எடுத்தால், ஆப்ஷன் வாங்கினால், கேட்கவே வேண்டாம்.

அதாவது, நாம் நடுங்குகிற இடத்தில் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. நாம் அசால்ட்டாக இருக்கிற இடத்தில் நம் பக்கம் யாரும் இல்லை.

நாம பயப்படாத, ஆனா பயப்பட வேண்டிய இடங்கள்

1. "பணம் வாங்க பின் போடுங்க"

ஓஎல்எக்ஸில் பழைய கட்டிலை விற்கப் போடுகிறீர்கள். வாங்குகிறவர் க்யூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்கிறார். பணம் வாங்க பின் தேவையே இல்லை. பின் என்றாலே பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். இந்த மோசடிக்காகவே, தனிநபர்கள் யூபிஐயில் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வசதியை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. ஆனால் மோசடிக்காரர்கள் அடுத்த வழிக்குப் போய்விடுவார்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல், ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொல்லும் 'பேங்க் ஆபீசர்', 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டும் 'போலீஸ்'... எல்லாவற்றிலும் ஹேக்கிங் கொஞ்சம்தான். உங்களை வைத்தே உங்கள் வேலையை முடிப்பதுதான் அதிகம். டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது.

2. ஐந்து நிமிஷ லோன்

ஒரு உதாரணக் கணக்கு. 10,000 ரூபாய் லோன் என்று சொல்லி, 'பிராசஸிங் ஃபீ' பிடித்துக்கொண்டு கையில் 6,800 தருகிறார்கள். ஏழு நாளில் 10,000 கட்டணும். கையில் வந்ததற்கு வட்டி 3,200. ஏழே நாளுக்கு 47%! கந்து வட்டிக்காரரிடம் போகக் கூச்சப்படும் நாம், இதை பஸ்ஸில் உட்கார்ந்தபடி எடுக்கிறோம். காரணம், யாரும் பார்க்கவில்லை. 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற பயத்தை ஆப் நீக்கிவிடுகிறது. கட்டத் தவறினால் உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டில் உள்ள அத்தனை பேருக்கும் மெசேஜ் போகும்போது, அந்த நாலு பேர் நானூறு பேராகிவிடுவார்கள்.

ஆர்பிஐ விதிப்படி நடக்கும் லோன் ஆப்பை அடையாளம் காண மூன்று கேள்வி போதும். பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறதா? மொத்த செலவை வருட சதவீதத்தில் சொல்லும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' முதலிலேயே தருகிறார்களா? கான்டாக்ட், கேலரி, கால் லாக் அனுமதி கேட்காமல் இருக்கிறார்களா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அன்இன்ஸ்டால். முறையான லோனில், மனசு மாறினால் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வர குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. லோன் ஆப்களின் பட்டியலும் ஆர்பிஐ தளத்தில் இருக்கிறது, பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

3. எஃப் அண்ட் ஓ

இரண்டாவது ஆள் கதை இதுதான். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வுப்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம். இதில் 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பங்கு ஒரே வருடத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. அதாவது நம்ம ஆளுங்க.

நூறில் 93 பேர் வயிற்று வலியோடு வெளியே வரும் ஹோட்டலுக்குள் போவீர்களா? ஆனால் இந்த 93 பேர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. லாப ஸ்கிரீன்ஷாட் போடும் ஏழு பேர்தான் தெரிகிறார்கள். போதாததற்கு, புரோக்கருக்கு செபி லைசென்ஸ் இருக்கிறது, ஆப் பாதுகாப்பானது. அதனால் உள்ளே இருக்கும் பொருளும் பாதுகாப்பு என்று மனசு முடிவு பண்ணிவிடுகிறது. வண்டி நல்ல கண்டிஷனில் இருப்பது வேறு, அதை எங்கே ஓட்டுகிறோம் என்பது வேறு.

4. 10 ரூபாய் டிஜிட்டல் கோல்ட்

தங்கம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கு நம்பிக்கை வந்துவிடும். ஆனால் ஆப்களில் விற்கும் டிஜிட்டல் கோல்ட் தன் கட்டுப்பாட்டில் வராத பொருள், முதலீட்டாளர் பாதுகாப்பு ஏற்பாடுகள் அதற்குப் பொருந்தாது என்று செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. கோல்ட் இடிஎஃப் செபியின் கட்டுப்பாட்டில் வருகிறது. ரெண்டும் ஒரே ஆப்பில் பக்கத்துப் பக்கத்தில்கூட இருக்கலாம். ஆனால் பிரச்சினை வந்தால் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்விக்கு ரெண்டுக்கும் ஒரே பதில் இல்லை.

சரி, என்ன பண்ணலாம்?

முதல் ஆளுக்கு நான் சொன்னது:

- சம்பளக் கணக்கை யூபிஐயில் இணைக்க வேண்டாம். தனியாக இன்னொரு சேவிங்ஸ் கணக்கு திறந்து, மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் அதில் போட்டு, அதை இணையுங்கள். எது நடந்தாலும் நஷ்டத்துக்கு ஒரு எல்லை இருக்கும்.
- டீ, பஸ், காய்கறிக்கு யூபிஐ லைட். ஒரு நேரத்தில் அதில் ரூ.5,000 வரைதான் வைக்க முடியும், ஒரு பேமென்ட் ரூ.1,000 வரைதான்.
- ஆப்பிலும் வங்கியிலும் தினசரி லிமிட்டைக் குறைத்து வையுங்கள். எஸ்எம்எஸ் அலர்ட்டை ஒருநாளும் ஆஃப் பண்ணாதீர்கள். அந்த 3 வேலை நாள் கணக்கு, வங்கியிலிருந்து தகவல் உங்களுக்கு வந்ததிலிருந்து ஓடத் தொடங்கும்.
- சும்மா கிடக்கும் 4 லட்சத்தை எஃப்டியில் போடுங்கள். சேவிங்ஸில் 2.5%, எஃப்டியில் 6.5% என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் வருடத்துக்கு 16,000 ரூபாய். அவருடைய பயத்துக்கு அவர் கட்டிவந்த பிரீமியம் அது. அதுவும் எந்த இன்ஷூரன்ஸும் இல்லாமல்.

இரண்டாவது ஆளுக்குச் சொன்னது:

- எஃப் அண்ட் ஓ நஷ்டம் பிசினஸ் நஷ்டம். ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 போடணும். சம்பளத்தோடு அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், 8 வருடம் வரை பின்னால் வரும் பிசினஸ் வருமானத்தில் கழிக்கலாம்.
- முதலில் லோன் ஆப் கடனை முடியுங்கள். அதுவரை டிரேடிங் ஆப்பில் எஃப் அண்ட் ஓ செக்மென்ட்டை டீஆக்டிவேட் பண்ணுங்கள். மன உறுதியை நம்பாதீர்கள், கதவைப் பூட்டுங்கள்.

ரெண்டு பேருக்கும் பொதுவாக: புது ஆப் எது வந்தாலும் நாலு கேள்வி. பணம் நிஜத்தில் யாரிடம் இருக்கும்? ஆர்பிஐ, செபி, ஐஆர்டிஏஐ இதில் யார் கட்டுப்படுத்துகிறார்கள்? பின் போடுவது நானா? அதிகபட்சம் எவ்வளவு போகலாம்? கடைசி கேள்விக்கு 'தெரியல' என்று பதில் வந்தால், தெரியும் வரை காத்திருங்கள்.

பணம் போயேவிட்டது என்றால், கூச்சப்பட்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்கு போன், அடுத்து வங்கிக்கு, பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால், பணம் கை மாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்பு அதிகம். 'ஏமாந்துட்டேன்னு வீட்ல சொன்னா திட்டுவாங்க' என்று இரண்டு நாள் மறைத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளில் பணம் பல கணக்கு தாண்டிவிடும்.

அப்பா அம்மா விஷயம்

கடைசியா ஒண்ணு. "இந்தக் காலத்துல போய் பாஸ்புக்கா?" என்று வீட்டில் கிண்டல் பண்ணாதீர்கள். அவர்கள் பயம் முழுக்கத் தப்பு இல்லை, அது கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, யூபிஐ லைட்டில் 500 ரூபாய் போட்டுக் கொடுத்து, பால்காரருக்கு அவர்கள் கையாலேயே அனுப்பச் சொல்லுங்கள். கூடவே ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: "பணம் வர்றதுக்கு பின் கேட்டா, போனை வெச்சுடுங்க."

முதல் ஆள் இந்த வருஷம் வந்தபோது, ஏஐஎஸ்-இல் எஃப்டி வட்டி என்று ஒரு புது வரி இருந்தது. ஃபீஸை யூபிஐயில்தான் அனுப்பினார். அனுப்பும் முன் திரையில் வந்த என் பெயரை இரண்டு முறை சரிபார்த்தார். அந்த அளவு பயம் கண்டிப்பா இருக்கட்டும்!

உங்களுக்கு எந்த ஆப்பைப் பார்த்தால் பயம், எதைப் பார்த்தால் பயமே இல்லை? கமென்ட்டில் சொல்லுங்க. ரெண்டாவது பட்டியலை வைத்துத்தான் அடுத்த வீடியோ. சந்திப்போம்!